இழப்புக்கு யாரிடம் கேட்பது? யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்களுக்கு முன்னால் உள்ள ஆறு வழிகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கின்றன. காலநிலையால் வரும் இழப்புக்கென்று உலக நாடுகள் இழப்பு–சேத நிதியம் என்று ஒன்றைத் திறந்திருக்கின்றனவாம், அதற்கு நாங்கள் எழுதலாமா? இல்லை, காப்புறுதியைப் பிடித்துக்கொள்வதா? தொண்டு நிறுவனத்திடம் போவதா? கனடாவில் இருக்கிற ஊர்ச் சங்கத்திடமே கேட்டுவிட்டால் வேலை முடிந்துவிடாதா?

எல்லா இழப்பையும் ஒரே மனுவில் எழுதி ஒரே இடத்துக்கு அனுப்பினால் அது எங்கேயும் போய்ச் சேராது. வலை போனதற்குப் போகவேண்டிய இடம் வேறு, கிணறு உப்பானதற்குப் போகவேண்டிய இடம் வேறு. ஆறு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கடைசியில் என் முடிவையும் சொல்கிறேன்.

## இந்த நிதியம் எங்கிருந்து வந்தது

1991இல் வனுவாட்டு, சிறு தீவு நாடுகளின் சார்பில், கடல்மட்டம் உயர்வதால் வரும் இழப்பை ஈடுசெய்ய உலக நாடுகள் பொதுவாக ஒரு நிதி வைக்கவேண்டும் என்று கேட்டது. அதற்கு ஒரு நிதியம் பதிலாக வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில் 2013இல் வார்சோவில் இந்த இழப்பைப் பற்றிப் பேச ஒரு பொறிமுறை உருவானது. 2015இன் பாரிஸ் உடன்படிக்கையில் இழப்பும் சேதமும் 8ஆம் உறுப்புரையாக இடம்பிடித்தன. ஆனால் அந்த உறுப்புரையைக் காட்டி எவரும் பொறுப்பேற்கச் சொல்லவோ நட்டஈடு கேட்கவோ முடியாது என்று கூடவே ஒரு தீர்மானத்தையும் எழுதிவைத்தார்கள். 2022இல் பாகிஸ்தானில் வெள்ளம் 33 மில்லியன் மக்களைப் பாதித்தது. அதே ஆண்டு எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் மாநாட்டில்தான் நிதியம் அமைக்க முடிவானது. 2023 நவம்பர் 30ஆம் திகதி, துபாய் மாநாட்டின் முதல் நாளே, அது செயற்படத் தொடங்கும் என்று அறிவித்தார்கள். உலக வங்கி அதன் செயலகத்தை ஏற்று நடத்துகிறது, நிர்வாக சபைக்கு பிலிப்பைன்ஸ் இடம் கொடுத்திருக்கிறது.

நட்டஈடு என்று கேட்க முடியாததால், இந்த நிதியத்திலிருந்து வருவது நன்கொடை நாடுகள் மனமுவந்து தரும் காசுதான். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறினால் ஈடுசெய்யும் பொறுப்பு வரலாம் என்றும் ஆலோசனைக் கருத்துச் சொன்னது பெரிய விடயம்தான். ஆனால் அந்த வழக்காடல் அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. ஊர்ச் சங்கம் கையில் எடுக்கக்கூடிய வழி அல்ல என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

யார் கேட்கலாம்: சங்கமே கேட்கலாமா, தொண்டு நிறுவனம் ஊடாகவா, கொழும்பு ஊடாக மட்டும்தானா?

எப்போது வரும்: நாட்களிலா, மாதங்களிலா, ஆண்டுகளிலா?

திருப்பிக் கட்டவேண்டுமா: மானியமா, கடனா, கட்டணம் கட்டியபின் வருவதா?

எந்த இழப்புக்கு: ஒரே நாளில் புயலும் வெள்ளமும் கொண்டுபோனதற்கா, பல ஆண்டுகளாக மெல்ல மெல்லப் போவதற்கா?

வெளியில் தெரியாத செலவு என்ன: செயலாளரின் நேரம், ஆங்கிலத்தில் எழுதித் தருபவருக்கான கூலி, கணக்காய்வு, ஊருக்குள் வரும் மனத்தாங்கல். கடைசியாகச் சொன்னதையும் செலவுக் கணக்கில் சேர்க்கவேண்டும், அது பல சங்கங்களை உடைத்திருக்கிறது.

நான்காவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். நிஷா 2008இல் வந்தது, புரெவி 2020இல், ஃபெங்கல் 2024இல், டித்வா 2025இல். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நிவாரணம் ஏதோ ஒரு வழியில் வந்தது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டிய தீவகத்தில் நன்னீர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகிக்கொண்டு போவதற்கு, பெயர் வைத்த புயலும் இல்லை, நிவாரணத் திகதியும் இல்லை.

| வழி | யார் கேட்கலாம் | எப்போது வரும் | திருப்பிக் கட்டுவது | எதற்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| இழப்பு–சேத நிதியம் | அரசு ஊடாக | பல மாதம் முதல் ஆண்டு வரை | இல்லை | இரண்டுக்கும். மெல்ல வரும் இழப்புக்கு அதிகம் |
| பசுமைக் காலநிலை நிதியமும் அதைப் போன்றவையும் | அங்கீகாரம் பெற்ற நிறுவனம். சிறு மானியத்துக்குச் சங்கமே | ஆண்டுகள். சிறு மானியம் மாதங்கள் | திட்டத்தைப் பொறுத்து | இனி வரப்போவதைத் தடுக்க |
| காப்புறுதி | தனிநபர் அல்லது அரசு | வாரங்கள், மாதங்கள் | இல்லை, கட்டணம் உண்டு | புயல், வெள்ளம், வறட்சி |
| சர்வதேசக் கடன் | அரசு மட்டும் | நாட்கள் முதல் ஆண்டுகள் வரை | ஆம் | பெரிய கட்டுமானம் |
| அவசர மனிதாபிமான நிதி | தொண்டு நிறுவனம் ஊடாக | நாட்கள் | இல்லை | முதல் சில வாரங்கள் |
| புலம்பெயர் ஊர்ச் சங்கம் | சங்கமே | நாட்கள் | இல்லை | சிறு தேவைகள் |

## 1. இழப்பு–சேத நிதியம்

நல்லதை முதலில் சொல்வோம். முதற்கட்டத்தில் இது தருவது மானியம். புயல், வெள்ளத்துடன் கடல்மட்ட உயர்வு, இடப்பெயர்வு போன்ற மெல்ல வரும் இழப்புகளும் அதன் ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. காசாகக் கணக்கிட முடியாத இழப்பும் உள்ளே அடங்கும். தரவு போதாமல் இருப்பதைக்கூட நிதி கேட்கக்கூடிய ஒரு குறையாக அது ஏற்றுக்கொள்கிறது. எங்களுக்கு இது மிக முக்கியம்.

அப்புறம் கசப்பான பக்கம். 2025 ஏப்ரலில் பார்படோசில் கூடிய நிர்வாக சபை, 2026 இறுதிவரையான தொடக்கக் கட்டத்துக்கு 250 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அதில் குறைந்தது பாதி, மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளுக்கும் வளரும் சிறு தீவு நாடுகளுக்கும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. இலங்கை தீவுதான், ஆனால் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. மீதி 125 மில்லியனுக்குத்தான் நாங்கள் மற்ற எல்லா வளரும் நாடுகளோடும் போட்டியிடவேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு 5 முதல் 20 மில்லியன் வரை தருவார்கள். ஆளுக்கு 20 மில்லியன் கொடுத்தால் ஆறு விண்ணப்பங்களோடு அந்தப் பாதி முடிந்துவிடும்.

நாடுகள் வாக்களித்த தொகை எல்லாம் சேர்த்தே 800 மில்லியன் டாலரை ஒட்டித்தான் நிற்கிறது, கைக்கு வந்தது அதிலும் குறைவு. டித்வா இலங்கையில் ஏற்படுத்திய நேரடிப் பௌதிகச் சேதத்தை உலக வங்கி 4.1 பில்லியன் டாலர் என்று மதிப்பிட்டது. உலகம் முழுவதற்கும் சொல்லப்பட்ட தொகையைப்போல் ஐந்து மடங்கு, ஒரே நாட்டில், ஒரே புயலில். வளரும் நாடுகளின் இழப்பு 2030இல் ஆண்டுக்கு 290 முதல் 580 பில்லியன் டாலர் வரை போகலாம் என்று ஆய்வாளர் கணித்திருப்பதோடு ஒப்பிட்டால் இந்தப் பெட்டி எவ்வளவு சிறியது என்று விளங்கும். இது எனக்குக் கோபம் தரும் கணக்கு. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுத முடியாது.

இனி எங்கள் ஊர் விடயம். குறைந்தபட்ச விண்ணப்பமே 5 மில்லியன் டாலர், ஏறத்தாழ 150 கோடி ரூபாய். ஒரு கடற்றொழிலாளர் சங்கமோ ஒரு கமக்காரர் அமைப்போ தனியாகக் கேட்கும் தொகை அல்ல இது. விண்ணப்பம் நாட்டின் தொடர்பு அதிகாரி ஊடாகவே போகவேண்டும். சமூகங்களுக்கு நேரடியாகச் சிறு மானியம் தரும் வழியும் நிதியத்தின் அமைப்பு ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் தொடக்கக் கட்டம் நாடுகளின் விண்ணப்பத்தை வைத்தே வகுக்கப்பட்டது. டித்வாவுக்குப் பிறகு கொழும்பின் கண் முதலில் மலையகத்து மண்சரிவுகளில்தான் நிற்கும். அங்கே போன உயிர்களை நினைத்தால் அது நியாயம் என்றே நானும் சொல்வேன். ஆகவே யாழ்ப்பாணத்தின் பெயர் அந்தக் கோப்பில் ஏறவேண்டுமென்றால், வேறு எவரும் கேட்காத ஒன்றை, ஆதாரத்தோடு, நாங்கள்தான் கொண்டுபோய் வைக்கவேண்டும்.

அந்த ஒன்று நிலத்தடி நீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின்மேல் எண்ணெய்போல மிதக்கிறது. நன்னீரின் மட்டம் ஓரடி இறங்கினால் கீழிருக்கும் உப்புநீர் ஏறத்தாழ நாற்பதடி மேலே வரும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் கையாளும் பழைய கணக்கு. கடல் உயர்ந்தாலும் மழை பிந்தினாலும் இந்தச் சமநிலை குலையும். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தாலும் குலையும்.

கடைசி வரியை மறைக்கக்கூடாது. எங்கள் கிணறுகள் உவரானதில் காலநிலைக்கும் பங்கு உண்டு, எங்கள் இறைப்புக்கும் பங்கு உண்டு. மறைத்து எழுதிய விண்ணப்பத்தை முதலாவது நிபுணரே திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டையும் பிரித்து, இறைப்பைக் கட்டுப்படுத்த நாங்கள் செய்வது இது, அதற்கும் அப்பால் நாங்கள் இழப்பது இது என்று எழுதினால் விண்ணப்பத்துக்கு முதுகெலும்பு வரும்.

வெளியில் தெரியாத செலவு: ஆதாரம் திரட்டும் உழைப்பு. ஒன்றிரண்டு ஆண்டு அளவீடு இல்லாமல் இந்தக் கதவுக்குப் போவதில் பயனில்லை. இதற்குக் கைகொடுக்க 2019இல் சந்தியாகோ வலையமைப்பு என்று ஒன்று உருவாக்கப்பட்டது. அதன் வேலை காசு தருவது அல்ல, இழப்பை மதிப்பிட ஆளும் தொழில்நுட்பமும் தேடித் தருவது. நிதியத்துக்குப் போகுமுன் அங்கே போவது புத்திசாலித்தனம்.

எப்போது இதைத் தெரிவது: இழப்பு ஒரு ஊரோடு நிற்காமல், வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு என்று பல பிரதேச செயலகப் பிரிவுகளில் பரந்து, எந்த நிவாரணப் படிவத்திலும் அடங்காமல் இருக்கும்போது.

## 2. பசுமைக் காலநிலை நிதியமும் அதைப் போன்றவையும்

பலர் இதையும் மேலே சொன்னதையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பசுமைக் காலநிலை நிதியம், போனதற்குத் தருவதில்லை. இனிப் போகாமல் இருக்கத்தான் தரும். அணை, குளம் திருத்தம், முன்னெச்சரிக்கை, வறட்சியைத் தாங்கும் பயிர்முறை எல்லாம் இதற்குள் வரும்.

வேகத்தைப் பார்க்க இலங்கையிலேயே உதாரணம் உண்டு. உலர்வலயச் சிறு விவசாயிகளின் நீர் முகாமைத்துவத்துக்காக 2016இல் 38 மில்லியன் டாலர் அங்கீகாரமானது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் ஊடாக மீ ஓயா, யான் ஓயா, மல்வத்து ஓயா ஆகிய படுகைகளில் ஏழு ஆண்டுத் திட்டமாக அது நடந்தது. மல்வத்து ஓயா என்பது மன்னாரில் நாங்கள் அருவியாறு என்று சொல்லும் ஆறு. வடக்கின் ஓரம்வரை வந்த அந்தக் காசு குடாநாட்டுக்குள் வரவில்லை. ஆறு இல்லாத நிலம் ஆற்றுப்படுகைத் திட்டத்துக்குள் எப்படி வரும்?

பெரிய நிதியத்தில் சங்கம் நேரே கை வைக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று முன்னால் நிற்கவேண்டும். ஆனால் உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் அப்படியல்ல. ஊர்மட்ட அமைப்புகளுக்கு நேரடியாக, பொதுவாக 50,000 டாலர் வரை தரும். கண்டல் நடுவது, மழைநீர்த் தொட்டி, குளம் தூர்வாருவது, கிணற்று நீர் அளப்பது போன்ற வேலைகளுக்கு இந்த அளவு தாராளம். எங்கள் சங்கங்கள் அதிகம் கவனிக்காமல் விட்ட கதவு இதுவென்பது என் எண்ணம்.

வெளியில் தெரியாத செலவு: சங்கத்தின் பங்களிப்பு கேட்பார்கள், உழைப்பாகவும் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் கணக்கு வைக்கவேண்டும். பற்றுச்சீட்டு, விலைக்கோரல், கூட்டக் குறிப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். நல்ல பொருளாளர் இல்லாத சங்கம் இதில் இறங்கவேண்டாம்.

## 3. காப்புறுதி

கமத்தொழிலுக்கு அரசின் கமநலக் காப்புறுதி இருக்கிறது. சில பயிர்களுக்கு இலவசக் காப்புறுதி வந்தபோது அந்தப் பட்டியலில் இருந்தவை நெல், சோளம், மிளகாய், உருளைக்கிழங்கு, சோயா, பெரிய வெங்காயம். பட்டியலை இன்னொரு தடவை வாசியுங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண் தறையில் தலைமுறையாகப் போடுவது சின்ன வெங்காயம். நவம்பர் மழையில் இரண்டு மூன்று நாள் பாத்தியில் தண்ணீர் நின்றால் தாள் மஞ்சளடித்து, கிழங்கு கையில் எடுக்கும்போதே கொழகொழவென்று போய்விடும். விதைவெங்காயம் வாங்கிய காசும் அதோடு போகும். எனவே காப்புறுதியை நம்புமுன் உங்கள் பயிர் இன்றைய பட்டியலில் இருக்கிறதா என்று கமநல சேவை நிலையத்தில் முதலில் கேளுங்கள்.

நாடுகள் எடுக்கும் பெரிய காப்புறுதி வேறு வகை. மழை இவ்வளவு பெய்தால், காற்றழுத்தம் இவ்வளவு இறங்கினால் என்று ஒரு அளவு வைத்து, அந்த அளவு தொட்டதும் சேதத்தை எண்ணிப் பார்க்காமலே காசு தரும். 2025 ஒக்டோபரில் மெலிசா புயல் ஜமைக்காவைத் தாக்கியபோது பேரிடர்ப் பத்திரம் என்ற இந்த வகைக் காப்புறுதியின் 150 மில்லியன் டாலர் முழுதாகக் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு பெரில் புயல் அடித்தபோது அதே வகைப் பத்திரம் ஒரு சதம்கூடத் தரவில்லை, காற்றழுத்தம் குறித்த அளவுக்கு இறங்கவில்லை என்பதுதான் காரணம். மலாவியில் 2016 வறட்சியில் முதலில் காசு மறுக்கப்பட்டது. கணிப்பு மாதிரி நீண்டகாலச் சோளத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தது, விவசாயிகள் குறுகியகாலச் சோளத்தை விதைத்திருந்தார்கள். பிறகு திருத்தி 8 மில்லியன் டாலர் அளவில் கொடுத்தார்கள். பசித்தவனுக்கு அந்த மாதங்கள் திரும்பி வருமா?

மெல்ல வரும் இழப்புக்குக் காப்புறுதி உதவாது. நிச்சயமாக வரும் என்று தெரிந்த ஒன்றை எந்த நிறுவனமும் காப்புறுதி செய்யாது. உவராகும் கிணற்றை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் போகவேண்டாம். காலபோக (மாரிப் பருவ) நெல்லுக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் கட்டாயம் பதிவுசெய்யுங்கள்.

## 4. சர்வதேசக் கடன்

இது சங்கம் தெரிவுசெய்யும் வழி அல்ல, அரசு தெரிவுசெய்வது. ஆனாலும் இங்கே வைக்கிறேன், ஏனென்றால் மானியம் வராத இடத்தில் எங்கள் இழப்புக்கு இதுதான் விலை கொடுக்கிறது.

கடன் வேகமாகவும் வரும். 2014இல் இலங்கை உலக வங்கியோடு 102 மில்லியன் டாலருக்கு ஓர் ஒழுங்கு செய்துவைத்தது. 2016 மே மாத வெள்ளத்தோடு அது கைக்கு வந்தது. டித்வாவுக்குப் பிறகு சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 206 மில்லியன் டாலரை அவசர நிதியாகத் தந்தது. இரண்டுமே திருப்பிக் கட்டவேண்டியவை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே நிறுத்திய நாடு இது. வெள்ளத்தை உண்டாக்கிய புகை பெரும்பாலும் வேறு நாடுகளுடையது, வெள்ளத்தைத் துடைக்க வாங்கிய கடன் எங்களுடையது.

குடாநாட்டுக் குடிநீரும் இந்தக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. இரணைமடுவிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் நியாயமான எதிர்ப்புக் காட்டினார்கள். அதன்பின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குழாயில் தண்ணீர் வருவது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும், அந்தச் செலவு ஒவ்வொரு மாதமும் தொடரும். கிணற்றில் சும்மா கிடைத்த தண்ணீர் கடனாகவும் மின்கட்டணமாகவும் மாறியதுதான் இங்கே நடந்த இழப்பு. இழப்பு–சேத நிதியத்துக்குப் போகும் கோப்பில் இந்த வரியும் இருக்கவேண்டும்.

## 5. அவசர மனிதாபிமான நிதி

வெள்ளம் நிற்கும்போது இதுதான் வழி, வேறு பேச்சில்லை. ஐக்கிய நாடுகளின் மத்திய அவசர நிதியும் செஞ்சிலுவைச் சங்கங்களின் அனர்த்த நிதியும் இதற்கென்றே இருக்கின்றன. தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஸ்டார்ட் நிதியில், எச்சரிக்கை போன 72 மணித்தியாலத்துக்குள் காசு கொடுப்பதா இல்லையா என்று முடிவாகும். வேலை 45 நாளில் முடியவேண்டும்.

அந்த 45 நாள்தான் இதன் பலமும் எல்லையும். உலருணவு, தார்ப்பாய், கிணறு இறைத்துக் குளோரின் போடுவது, கைச்செலவுக்குக் காசு வரும். வலை முழுதாக வாங்கித் தர வராது. வெளியில் தெரியாத செலவு, பட்டியல். அவசரத்தில் போடும் பயனாளிப் பட்டியலில் வாடகை வீட்டுக்காரரும், காணி உறுதி இல்லாதவரும், கணவன் இல்லாத பெண்ணும் விடுபடுவது வழக்கமாகிவிட்டது. மாரிக்கு முன்பே சங்கம் தன் பட்டியலைத் திருத்தி வைத்திருந்தால் இந்தக் காசு சரியான கைக்குப் போகும்.

## 6. புலம்பெயர் ஊர்ச் சங்கம்

படிவம் இல்லை, ஆங்கிலம் இல்லை, கணக்காய்வு இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் கேட்ட உடனே அனுப்புவார்கள். போருக்குள்ளும் பிறகும் ஊர்கள் நிமிர்ந்ததில் இந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எல்லா ஊருக்கும் வெளிநாட்டில் ஆள் இல்லை. அன்று வெளிநாடு போகும் செலவுக்குக் காசு இல்லாதவர்களின் ஊர்களுக்குத்தான் இன்று அனுப்பவும் ஆள் இல்லை, வெள்ளத்தில் முதலில் அமிழ்வதும் பெரும்பாலும் அந்தப் பள்ளக் காணிகள்தான். இன்னொன்று: நல்ல மனத்தோடு அன்பளிப்பாக வரும் குழாய்க்கிணறும் மோட்டாரும், நன்னீர் மெல்லிய படையாக இருக்கும் இடத்தில், அடியிலுள்ள உப்பை மேலே இழுத்துவிடும். அயல் கிணறுகளும் சேர்ந்து கெடும். ஊர்ச் சங்கத்திடம் கேட்பதென்றால் மழைநீர்த் தொட்டி கேளுங்கள், குளம் தூர்வாரக் கேளுங்கள், பாடசாலைப் பிள்ளைகள் கிணறு அளக்க, நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மானி வாங்கித்தரக் கேளுங்கள். ஒரு மானி, ஒரு மோட்டாரைவிட ஊருக்கு அதிகம் செய்யும்.

## அப்படியானால் எதைத் தெரிவது

வெள்ளம் இன்னும் வடியவில்லையென்றால் அவசர நிதி. பிரதேச செயலகத்துக்கும் ஊரில் வேலைசெய்யும் தொண்டு நிறுவனத்துக்கும் ஒரே நாளில் ஒரே பட்டியலைக் கொடுங்கள்.

வலை, படகு, இயந்திரம் போயிருந்தால், கடற்றொழில் திணைக்களத்தின் நிவாரணமும் புலம்பெயர் உதவியும். சமாசம் (கடற்றொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு) ஊடாகக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு தடவையும் பக்கத்து மீன்வாடிக்கு ஒன்றுமில்லாமலும் போகும்.

நெல், மிளகாய், உருளைக்கிழங்கு என்றால் காப்புறுதி. சின்ன வெங்காயத்துக்கு, பட்டியலில் சேர்க்கும்படி கமக்காரர் அமைப்புகள் எல்லாம் ஒன்றாகக் கையெழுத்திட்டுக் கேட்பதுதான் வழி, தனி விண்ணப்பத்தால் ஆகாது.

கரையை அலை அரிப்பது, வயலுக்குள் உவர் ஏறுவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் சிறு மானியம். தடுக்க இன்னும் காலம் இருக்கிறது.

கிணறு போய்விட்டது, காணி தரிசாகிவிட்டது, ஆட்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்டார்கள் என்றால், இழப்பு–சேத நிதியம். எவ்வளவு பிந்தினாலும், எவ்வளவு சிறிய பெட்டியாக இருந்தாலும், இந்த இழப்பைத் தன் ஆவணத்தில் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் வேறு நிதி இன்று இல்லை. வலைக்கும் வெங்காயத்துக்கும் வேறு வாசல்கள் உண்டு. இந்த வாசலில் நிற்க எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பை அவற்றுக்குச் செலவழிப்பது வீண்.

## கோப்பில் என்ன இருக்கவேண்டும்

அனர்த்த நேரத்தில் கிராம அலுவலரிடமிருந்து மேலே போகும் விபரத்தைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள், ஆட்கள், இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர், முழுதாகச் சேதமான வீடு, பகுதியாகச் சேதமான வீடு, பாதுகாப்பு நிலையத்தில் இருப்பவர். கிணற்றுக்கு ஒரு நிரல் அதில் இல்லை. நிரல் இல்லாத இழப்பு கொழும்புக்குப் போய்ச் சேர்வதில்லை. கொழும்புக்குப் போகாதது அதற்கு அப்பால் எங்கே போகும்?

அந்த நிரலை ஊர் தானே போட்டுக்கொள்ளலாம். ஒரு கொப்பி போதும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம்: யாருடைய காணி, பொதுக் கிணறா தனிக் கிணறா, எத்தனை குடும்பம் அள்ளுகிறது, எந்த ஆண்டுவரை குடிக்க உதவியது. மாதத்துக்கு ஒருமுறை, ஒரே திகதியில், மோட்டார் போடுவதற்கு முன் காலையில், கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி, மானி காட்டும் அளவு எவ்வளவு என்று எழுதவேண்டும். பெருமழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை. பக்கத்தில் இறைப்பு மோட்டார் எத்தனை குதிரைவலு, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்றும் எழுதவேண்டும், இறைப்பின் பங்கைப் பிரித்துக் காட்ட அதுதான் வழி. பவுசரில் தண்ணீர் வந்த நாட்களையும் அதற்குக் கொடுத்த காசையும் வேறாக எழுதுங்கள். சவர்க்காரம் நுரைக்காத நாள், தேநீரில் பால் திரைந்த நாள், ஒரு குடும்பம் தண்ணீருக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணம் போன நாள், இவையும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். காசாகக் கணக்கிட முடியாத இழப்பு என்று நிதியம் சொல்வது இதைத்தான்.

கொப்பியை வருடத்துக்கு ஒருமுறை படியெடுத்து, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் ஒன்றை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிலும் ஒன்றைக் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். நான்கு தீவகப் பிரிவுகளும் ஒரே மாதிரிப் பக்கத்தில் எழுதினால், அடுத்த சுற்றுக்குக் கொழும்பில் ஒருவர் விண்ணப்பம் எழுத உட்காரும்போது அவர் மேசையில் யாழ்ப்பாணத்தின் எண்கள் இருக்கும்.